இஞ்ஞாசி அக்காவின் மீன் உரம்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ் வழியில் புதுக்கோட்டையில் என் உரக்கடைக்கு எதிரேதான் நிற்கும். அன்று முற்பகலில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து பயணிகள் யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மாடசாமி மட்டும் இறங்கி, தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாரும். அக்கா எந்திரிக்க மாட்டேங்காவ."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் என் கடைக்கு வருகிற அக்கா ஒருவர்தான். ஓடிப்போய் ஏறினேன். ஜன்னலோர இருக்கையில், கம்பியில் தலையைச் சாய்த்தபடி இஞ்ஞாசியம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. கையைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏறுனதுல இருந்து பேச்சே இல்ல அண்ணாச்சி," என்றார் மாடசாமி. "வழக்கமா ஊரு வாரதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வாசப்படிக்கிட்ட வந்து நிப்பாவ. டிரைவர வேகமா போகச் சொல்லுவாவ. இன்னைக்கு சும்மா இருக்காவளேன்னுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

இதயம் வழியிலேயே நின்றிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. அக்கா அமைதியாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டது, அவரைத் தினமும் பார்த்த அந்தக் கண்டக்டர் ஒருவர்தான்.

அக்காவின் ஊரான புன்னைக்காயல் கோயிலில் நடக்கும் நினைவுப் பூசைக்குப் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். கூட்டத்தின் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைக் கேட்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவர் கருவாட்டுக்காரர். வயல்காட்டிலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு அவர் உரக்காரர். ஒன்றிலிருந்து மற்றொன்றாக அவர் மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

யூரியா கிடைக்காமல் போன காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கோ அரபு நாட்டில் எண்ணெய் விலை ஏறியது என்றார்கள். இங்கே என் கடையில் மூட்டை இறங்குவது நின்றது. புதுத் துறைமுகத்துக்கு உரக் கப்பல் வந்துவிட்டது, நாளைக்கு வருகிறது, வந்த சரக்கு வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது என்று தினம் ஒரு பேச்சு. விவசாயிகள் காலையிலேயே கடை வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சிலர் ஏசினார்கள். அப்படி ஒரு நாள், கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஓலைப்பெட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். பெட்டியிலிருந்து வந்த வாடைதான் வழியை உண்டாக்கியது.

"அண்ணாச்சி, ஒம்ம கடையில உரம் இல்லன்னு பஸ்ல பேசிக்கிடுதாவ. எங்கிட்ட இருக்கு," என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டினார். காய்ந்த இறால் தலை, ஓடு, பொடிமீன், செதில். எல்லாம் நொறுங்கித் தூளாகிக் கிடந்தது.

"இத எங்க ஊருல கொட்டுததுக்கு எடம் இல்ல. ஒங்க ஊருல போடுததுக்கு உரம் இல்ல. நாம ரெண்டு பேரும் பேசாம இருந்தா யாருக்கு என்ன பிரயோசனம்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. விசைப்படகுகள் பெருகி, இறாலுக்குக் கிராக்கி வந்திருந்த காலம் அது. இறால் உரிக்கும் ஷெட்டுகளில் சதையை எடுத்துக்கொண்டு தலையையும் ஓட்டையும் கரையோரம் குவித்தார்கள். வலையில் சேர்ந்து வரும் கழிசல் மீனை யாரும் சீண்டுவதில்லை. கரையில் மீன் எடுத்து, களத்தில் உப்பிட்டுக் காயவைத்து, பஸ் ஏறி வயல்காட்டு ஊர்களில் கருவாடு விற்றுத் திரிந்தவர் அக்கா. இந்தக் குவியலையும் பார்த்தார், காய்ந்து வெளுத்த வயல்களையும் பார்த்தார். இரண்டையும் பார்க்கிற ஆள் ஒருவராக இருந்ததால் அவருக்கு அது தோன்றியது. மீனை உரமாகப் போடுவது புதிது இல்லை, தென்னைக்கு அடியில் புதைக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோகலாம் என்று கிளம்பிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டத்தில் நின்ற பொன்னையா என்ற வாழை விவசாயி முதலில் கேட்டார். குளத்துப் பாசனத்தில் இளங்கன்று வைத்திருந்தார். அடுத்த வாரமே ஒரு வண்டி உரம் போய் இறங்கியது.

கொஞ்ச நாளில் பொன்னையா என் கடைக்கு வந்து, ஒரு வாழை இலையை மேசை மேல் விரித்துப் போட்டார். ஓரம் முழுக்கத் தீயில் வாட்டியது போலக் கருகியிருந்தது.

"தோட்டம் பூரா இப்படித்தான் கெடக்கு அண்ணாச்சி. இது உரமா, வேற என்னதுமா? நீரே சொல்லும்."

பொன்னையா நல்ல மனுஷர், ஆனால் அன்று அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கருவாட்டுக்காரர் ஒருவரிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பியதுதான் தாமதம், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"எங்க இருக்கு தோட்டம்?"

"அக்கா, அவர் கோவத்துல இருக்காரு."

"கோவம் இருக்கத்தான செய்யும். தோட்டம் எங்க இருக்கு?"

நானும் கூடப் போனேன். பொன்னையா வரப்பில் நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அக்கா கன்றுக்குக் கன்று போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டார். துப்பினார். முகம் மாறிவிட்டது.

"உப்பு," என்றார். "கருவாட்டுக் களத்துல கூட்டி அள்ளுனதயும் இதுல கலந்துட்டேன். அதுல உப்பு இருக்கும்னு எனக்குத் தோணல பாத்தியளா. தம்பி, இது என் தப்பு. தண்ணி எப்பம் வரும்?"

"என் முறை நேத்தே முடிஞ்சிட்டு."

உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டுமானால் வயலில் தண்ணீரை நிறுத்தி, வடித்து, மறுபடி நிறுத்தி வடிக்க வேண்டும். அதற்கு அடுத்தவர்கள் தங்கள் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் அண்ணன் தம்பியே விட்டுக்கொடுப்பதில்லை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பு வழியே நடந்தார். ஒவ்வொரு தோட்டமாகப் போய், "நான்தான் பொன்னையா வாழையக் கெடுத்தவ" என்று ஆரம்பித்தார். அந்த ஆரம்பத்தைக் கேட்டவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் சிரித்துவிட்டு மடையைத் திருப்பிவிடச் சொன்னார். இன்னொருவர் முதலில் மறுத்து, பிறகு சாயங்காலம் ஆளனுப்பி, பாதி முறையைத் தருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அக்கா பொன்னையா தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றார். தப்பிப் பிழைத்தவை பிழைத்தன. போன கன்றுகளுக்குப் பதிலாக ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் புதுக் கன்று கொண்டுவந்து, அவரே குழி எடுத்து வைத்தார். அந்த வாரத்தில் பொன்னையா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் மட்டும் அவருடைய மனைவி ஒரு செம்பில் நீராகாரம் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனார்.

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதே கேட்டார்: "அண்ணாச்சி, உப்பு படாத பச்சத் தலைய அப்படியே மக்க வச்சா என்ன?"

புன்னைக்காயலில் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். அன்றன்று வரும் இறால் தலையை நல்ல தண்ணீரில் அலசி, சாணம், குளத்து வண்டல், வாழைச் சருகு, சாம்பல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே களிமண் பூசி மூடினார். மூடினால் மாதக்கணக்கில் அப்படியே விட வேண்டும். அங்கேதான் வந்தது சங்கடம். அக்காவால் எதையும் விட்டுவிட்டு இருக்க முடியாது. சோறு கொதிக்கும்போதே மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற கை அது. இன்றைக்கு ஒரு ஓரத்தைப் பெயர்த்துப் பார்ப்பார், நாளைக்கு இன்னொரு ஓரம். உடைத்த இடத்தில் ஈ புகுந்தது, புழு வைத்தது. வாடை கோயில் வாசல் வரை போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த ஊருக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து குழியை மூடச் சொன்னார்கள். பங்குச் சாமியார் நடுவில் இருந்தார். நடந்ததை அவரே பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அக்கா எழுந்து நின்று, "குருசடியத் தாண்டி, முள்ளு மொளச்சுக் கெடக்க உடைங்காட்டுக்குக் கொண்டு போயிருதேன் சாமி. காத்து அங்கன இருந்து ஊருக்குள்ள அடிக்காது. எனக்கு ஒரே ஒரு தவண தாங்க," என்றாராம். ஒருவர், "இடத்த மாத்துனா மட்டும்? நீ அங்கயும் போயித் தோண்டிப் பாப்ப," என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துவந்து சாமியார் முன்னால் வைத்தார்.

"குழிய மூடுன அன்னைக்கு இத ஒங்ககிட்ட தந்துருவேன். கோயில் அறையில வச்சுப் பூட்டிருங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதிய."

தவணை கிடைத்து, உடைங்காட்டில் புதுக் குழியை மூடிய அன்றே மண்வெட்டியும் கடப்பாரையும் கோயில் அறைக்குப் போயின. அவற்றைக் கேட்கப் போனார் என்பதையும் சாமியார்தான் சொன்னார். வீட்டு வாய்க்கால் அடைத்துக்கொண்டது, ஒரு நாளைக்குத் தாருங்கள் என்று ஒரு தரம். பக்கத்து வீட்டுக்காரிக்கு வேண்டுமாம் என்று இன்னொரு தரம். சாமியார் தரவில்லை.

அந்த மாதங்களில் என் பாடுதான் திண்டாட்டம். தோண்ட முடியாத கை சும்மா இருக்குமா? காலையில் ஓட்டப்பிடாரம் கரிசல்காட்டில் மிளகாய் பார்க்கப் போவார், மத்தியானம் என் கடைக்கு வருவார். வந்தால் உட்கார மாட்டார். பெஞ்சைக் காட்டினால், "உக்காந்தா நெனப்பு குழிக்குப் போயிரும்," என்பார். மூட்டைகளை இடம் மாற்றி அடுக்குவார். வருகிற விவசாயிகளிடம் எந்த மண், என்ன பயிர், போன வருஷம் என்ன போட்டாய் என்று துளைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். "அக்கா, வீட்டுல போயி ஒரு நாள் படுங்க," என்று ஒரு தடவை சொன்னேன்.

"படுத்துப் பாத்தேன் அண்ணாச்சி. பொன்னையாவோட வாழ கண்ணுல நிக்கி," என்றார்.

அவர் ஏன் இப்படி அலைகிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவருக்கு அந்தத் தோட்டம் இன்னும் ஆறவில்லை.

தவணை முடிந்து குழியைத் திறந்த அன்று எனக்கும் ஆள் அனுப்பினார். போனேன். களிமண் மூடியைப் பெயர்த்தார்கள். உள்ளே இறால் தலையும் இல்லை, சருகும் இல்லை. கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழைக்குப் பிந்திய தோட்டத்து மண் வாசத்தோடு இருந்தது. அக்கா இரண்டு கையாலும் அள்ளி, சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவர் மூக்குக்கும் நேரே கொண்டுபோனார். குழியை மூடச் சொன்ன பெரியவரிடமும் கொண்டுபோனார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி," என்று மட்டும் சொன்னார்.

உரம் தயார். வாங்கத்தான் ஆள் இல்லை. பொன்னையாவின் வாழை கருகிய கதை அதற்குள் எல்லா ஊருக்கும் போயிருந்தது. என் கடையில் சொல்லிப் பார்த்தேன். "மீன் உரமா, வேண்டாம்," என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் கேட்டு வந்தவர் பொன்னையாதான். எனக்கு நம்ப முடியவில்லை.

"போன தடவ பட்டது போதாதா?" என்று அவரிடமே கேட்டேன்.

"எனக்கு வித தந்தவன் ஏமாத்தியிருக்கான், மருந்து தந்தவன் ஏமாத்தியிருக்கான். ஏன் இப்படின்னு கேக்கப் போனா, கதவே தொறக்க மாட்டாம். கெடுத்துட்டு வந்து வயல்ல நின்ன ஆளு இந்த அம்மா ஒருத்திதான். அவ்வொ தந்தா வாங்குவேன்," என்றார்.

விவரமானவர் பொன்னையா. ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் போட்டார். அக்கா நாள் தவறாமல் போய்ப் பார்த்தார். அந்த வரிசையின் இலை மற்ற வரிசையைவிட அகன்று, கறுத்த பச்சையாகத் திரும்பியதை ரோட்டில் சைக்கிளில் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். அந்த வரிசை தார் தள்ளியபோது, அக்கா தோட்டத்துக்குள் போகாமல் வரப்பிலேயே நின்றார். "உள்ள வாங்க," என்று பொன்னையா கூப்பிட்டார். அவர் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அதன் பிறகு வண்டிகள் தாமாகவே புன்னைக்காயலுக்குப் போயின. வாழைக்காரர்கள், வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள், கரிசல்காட்டு மிளகாய்க்காரர்கள். உடைங்காட்டில் குழிகள் பெருகின. ஷெட்டில் இறால் உரித்த பெண்கள் சிலர் அவரோடு சேர்ந்தார்கள். நல்ல தண்ணீரில் அலசாத தலை ஒரு கூடை உள்ளே போனாலும் போதும், "ஏளா, அத வெளிய எடு," என்று சத்தம் போடுவார். கூடையை அவரே கவிழ்த்து, ஒவ்வொரு தலையாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தூத்துக்குடியில் உர ஆலை ஓடத் தொடங்கி, யூரியா தாராளமாக வந்த நாளில், இனி அக்காவின் பாடு என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. கடை முழுக்க வெள்ளை மூட்டை. அவர் வந்தார். மூட்டைகளைச் சுற்றி வந்து, ஒன்றின் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"வரட்டும் அண்ணாச்சி. பசிச்ச பயிருக்கு ஒடனே கஞ்சி வேணும், அத இது குடுக்கும். என்னுது அடுப்பக் கட்டிக் குடுக்கும். ரெண்டையும் வில்லும்."

அப்படித்தான் ஆயிற்று. யூரியா வாங்க வந்தவர்களே, "குழி உரம் எப்பம் வரும்?" என்றும் கேட்டார்கள். இரண்டையும் போட்டால் மூட்டை குறைவாகப் போதும் என்று அவரவர் கண்டுகொண்டார்கள். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்று கரிசல்காட்டுக்காரர்கள் சொன்னார்கள். கடலைப் பிண்ணாக்கையும் ஆட்டுக் கிடையையும் மறந்திருந்தவர்கள் மறுபடி அவற்றையும் தேடத் தொடங்கினார்கள். இன்று நம் பக்கத்தில் மட்கு உரக்குழி இல்லாத தோட்டம் குறைவு. அத்தனைக்கும் அக்காதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அவரே எழுந்து வந்து சண்டை போடுவார். ஆனால் குழியை எப்படி மூடுவது என்று கேட்டுப் பலரும் போனது அவரிடம்தான்.

மற்றவர்களும் குழி போட்டு விற்கத் தொடங்கியபோது, போட்டி வந்துவிட்டதே என்று சிலர் அவரிடம் வருத்தப்பட்டார்கள். அவருக்கு இருந்த தவிப்பு வேறு. "அவன் களத்துக் குப்பையப் போடுதானோ என்னவோ," என்று முன்பின் தெரியாதவர்களின் குழிகளுக்கெல்லாம் போய் நின்றார். சிலர் மரியாதையாகப் பேசினார்கள். சிலர், உனக்கு என்ன இங்கே வேலை என்று விரட்டினார்கள். விரட்டிய இடத்துக்கு மறுநாளும் போனார். கடைசி ஆண்டில் கால் வீங்கியிருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதை அக்கா என்னிடம் மறைத்துவிட்டார்.

அடக்கம் முடிந்து புன்னைக்காயலில் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கணவர் சவேரிமுத்து, தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போய் வருகிறவர், அதிகம் பேசாதவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கடலுக்குப் போறவன். வந்து பாத்தா அவ வீட்டுல இருக்க மாட்டா. ஊருல எல்லாரும் என்னையப் பயணக்காரன்னு சொல்லுவானுவ," என்றார். பிறகு, "அன்னைக்கு ஒம்மகிட்டதான் வந்தா. ஒம்ம ஊருக்கு மேக்க எவனோ ஒருத்தன் மொளகாத் தோட்டத்துல ஓரம் கருகுதாம். வேற எவங்கிட்டயோ வாங்குன உரம். அதுக்கு நீ எதுக்குளா போற, நெஞ்சு வலிக்கின்னு சொன்னியேன்னேன். அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருதேன்னா."

கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் மேற்கே நடந்து, விசாரித்து, அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். தோட்டக்காரர் வயதில் இளையவர். நான் விற்காத உரத்துக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. புன்னைக்காயல் அம்மா வருவதாக இருந்தது, அவர் இல்லை, அதனால் நான் வந்தேன் என்றேன். கிணற்றில் தண்ணீர் மட்டாகத்தான் இருந்தது. பாத்தி பாத்தியாக நிறுத்தி வடிக்கத் தொடங்கியிருக்கிறோம். பொன்னையாவும் கேள்விப்பட்டு வந்து ஒரு நாள் முழுக்க மடை பார்த்தார்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன். விற்ற சரக்கு வாசலைத் தாண்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை இருந்தேன். இப்போது மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவரிடம் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன், சில நாள் கழித்துப் போய்ப் பார்க்கிறேன். இரவு படுத்தால் யாருடைய பயிராவது கண்ணில் நிற்கிறது. அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த இருப்புக்கொள்ளாமைதான். இது சுகமான சொத்து இல்லை. யாருக்கும் கொடுத்துவிடவும் எனக்கு மனமில்லை.

அந்த மிளகாய்த் தோட்டத்தில் இன்னும் பாதிச் செடி தலை தொங்கித்தான் நிற்கிறது. பிழைக்குமா என்று தெரியவில்லை. நாளைக் காலை மறுபடியும் போகிறேன்.